கேட்சர் கூப்பிடாத பெயர்

ஜூலை 8, செவ்வாய்

விளையாட்டு டீச்சராக மாறுதலாகி இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. மைதானத்தில் முளைத்திருந்த கருவேலங்கன்றுகளைப் பிடுங்கி, கல் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்தாயிற்று. சாஃப்ட்பால் சொல்லித்தரப் போகிறேன் என்றதும் தலைமையாசிரியை பரிமளம் அம்மா, "பேருக்கேத்த மாதிரி பந்து மெத்துனு இருக்குமுங்களா?" என்றார். ஒரு பந்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். மேசை மேல் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பதினான்கு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் கபடி ஆடியவர்கள். ஓடி வருகிறவளைப் பந்து இருக்கும் கையுறையால் தொட்டால் போதும் என்று எத்தனை முறை சொன்னாலும், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். களத்து மூலைகளில் ஓடுகிறவள் மிதிக்க வேண்டிய சின்ன மூட்டைகள்தான் பேஸ்; அதில் முதலாவதில் நிற்கும் ரெஜினாவுக்கு இன்றைக்கு முழங்கை சிராய்ப்பு. மருந்து போடும்போது அவளே சிரித்தாள்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லப் போனேன். "டீச்சருக்கு எந்த ஊருங்க?" என்றார். சிவகங்கைப் பக்கம் என்றேன். "ஊருல எந்தத் தெருவுங்க?" என்றார். பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

எல்லோரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். தள்ளி நின்றால் பந்து வரும்வரை யோசிக்க நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். இவர்கள் யோசித்து முடிப்பதற்குள் ஓடுகிறவள் பேஸில் நின்று தலைமுடியைச் சரி செய்துகொண்டிருப்பாள். இந்த ஆட்டத்தில் தூரம் ரொம்பக் குறைவு. அதிலும் மட்டையைச் சுழற்றாமல் குறுக்கே நீட்டிப் பந்தைக் காலடியில் விழவைப்பார்கள். அதற்குப் பன்ட் என்று பெயர். அப்போது தள்ளி நிற்பவள் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அதனால் மூன்றாம் பேஸில் நிற்கும் குழலியை முன்னால் கொண்டுவந்தேன். மட்டைக்காரியின் மூச்சு கேட்கும் அளவுக்கு. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கண்ணைத் திறக்க வைக்க அரை மணி நேரம் ஆனது.

பிறகு சொன்னேன்: "குழலி முன்னால வந்துட்டா. அவ விட்டுட்டு வந்த இடம் காலி. அங்க யார் வருவா?" இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்பவள் ஷார்ட் ஸ்டாப், சம்யுக்தா. அவள்தான் ஓடி வந்து மூன்றை நிரப்ப வேண்டும். ரெஜினா முன்னால் வந்தால் இரண்டாம் பேஸில் நிற்கும் ஹரிணி முதல் பேஸுக்கு ஓட வேண்டும். ஒருத்தி நகர்ந்தால் இன்னொருத்தி நகர வேண்டும், அவ்வளவுதான் பாடம். எந்தப் பந்துக்கு யார் எங்கே நகர வேண்டும் என்று சொல்வது மட்டைக்காரிக்குப் பின்னால் உட்காரும் கேட்சரின் வேலை. களத்தில் எட்டுப் பேர் மட்டைக்காரியைப் பார்த்து நிற்கிறார்கள். அந்த எட்டுப் பேரையும் பார்த்து உட்கார்ந்திருப்பவள் கேட்சர் ஒருத்திதான்.

நம் கேட்சர் நிரோஷா. பதினொன்றாம் வகுப்பு. ஆள் பூனைக்குட்டி அளவு. தொண்டை மட்டும் தனியார் பஸ் கண்டக்டருக்கு இருப்பது.

ஜூலை 19, சனி

இன்று ஒரே பயிற்சியை ஐந்து முறை செய்தோம். இரண்டாம் பேஸில் ஓடுகிறவள் நிற்கிறாள், பன்ட் விழுகிறது, குழலி பாய்ந்து எடுத்து மூன்றுக்கு எறிகிறாள். ஐந்து முறையும் மூன்றில் ஆள் இல்லை. சம்யுக்தா இரண்டாம் பேஸை ஒட்டி நின்றுகொண்டு, பந்து போன பிறகு ஓடி வந்தாள்.

கத்தினேன். அவளும் விடவில்லை. "வான்னு யாருமே சொல்லலீங்களே மிஸ்" என்றாள்.

சரி, பார்க்கலாம் என்று கேட்சருக்குப் பின்னால் போய் நின்றேன். "குழலி, இன்னும் ஒரு எட்டு." "ரெஜினா, கோட்டோட ஒட்டு." "ஹரிணி, ஒண்ணுக்கு ஓடு." நிரோஷா எல்லோரையும் பெயர் சொல்லி விரட்டினாள். சம்யுக்தாவுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. கையுறையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். சம்யுக்தா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறை வெறும் காற்றுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

துணி துவைத்தேன். செம்மண் போகவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

நிரோஷாவைக் கேட்டால் தொண்டை கட்டிக்கொண்டது என்கிறாள். அடுத்த நிமிடம் ஹரிணியை அழைத்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை பறந்தது.

பந்துகளை அடுக்கும்போது ரெஜினாதான் சொன்னாள். "அவ காலனிங்க மிஸ். அவங்கம்மா மாராயி, சம்யுக்தா அப்பாவோட தறிப்பட்டறைலதான் வேலை. அதுக்கு முன்னால அவிய காட்டுலதான் வேலை. அவிய வீட்டுல தொட்டில்ல கெடக்குற கொழந்தையக்கூட இவிய பேர் சொல்லக் கூடாதுங்க. பாப்பான்னுதான் சொல்லோணும்."

"இங்க பாப்பான்னு கூப்பிட வேண்டியதுதானே?"

"எங்க எல்லார் முன்னாலயும் எப்படிங்க மிஸ் சொல்லுவா? அவளுக்கு அசிங்கமா இருக்காதுங்களா?"

பாப்பா என்று கூப்பிட வெட்கம். பெயர் சொல்லிக் கூப்பிடப் பயம். அதனால் கூப்பிடாமலே இருக்கிறாள். ரெஜினா எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனாலும் உள்ளங்கால் வரைக்கும் கோபம் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். அதற்கும் அடங்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

நல்ல வேளையாக ஒரு சாக்குக் கிடைத்தது. மேலே எழும்பிய பந்து ஒன்று ஹரிணிக்கும் சம்யுக்தாவுக்கும் நடுவில் இறங்கியது. ஹரிணி ஒன்பதாம் வகுப்பு. "அக்கா நீங்க புடிங்க" என்று ஒதுங்கினாள். அக்கா, தங்கச்சி பிடிப்பாள் என்று ஒதுங்கினாள். பந்து இருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத் தரையில் விழுந்தது.

எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சட்டம் போட்டேன். சுண்ணாம்புக் கோட்டுக்குள் வந்துவிட்டால் அக்கா கிடையாது, தங்கச்சி கிடையாது, 'ங்க' கிடையாது. பெயர் மட்டும்தான். யாராக இருந்தாலும்.

"உங்களையுமா மிஸ்?" என்றாள் குழலி.

"என்னையும்தான். என் பேரு பொற்கொடி."

மாலை முழுக்க ஒவ்வொருத்தியும் காரணமே இல்லாமல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "பொற்கொடி, தண்ணி குடிச்சுட்டு வரட்டுமா?" "பொற்கொடி, உன் விசில் கீழ கெடக்குது." இந்த ஊருக்கு வந்து இவ்வளவு சிரித்தது இன்றைக்குத்தான்.

நிரோஷாவும் என்னைக் கூப்பிட்டாள். சம்யுக்தாவைக் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சம்யுக்தா இன்று கையுறையைக் கழற்றி வீசிவிட்டு நேராகக் கேட்சரிடம் வந்தாள்.

"எல்லாத்தையும் கூப்புடற. என்னை மட்டும் ஏன் கூப்புட மாட்டேங்கற? நான் என்ன நட்டு வெச்ச கல்லா? உன்னாலதான் தெனமும் நான் திட்டு வாங்கறேன்."

நிரோஷா முகமூடியைக் கழற்றவே இல்லை. கம்பிக்குள்ளிருந்தே சொன்னாள்: "நீ திட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருவ. எங்கம்மா காலைல உங்க தறிக்குத்தான் வரோணும்."

சம்யுக்தா அப்படியே நின்றாள். இதெல்லாம் தெரியாதவள் போல இருந்தது முகம். தெரியாமல் எப்படி இருக்கும்? யோசித்துப் பார்க்க அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான். கையுறையைப் பொறுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் நின்றாள். தப்பான இடத்தில்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சம்யுக்தாவின் அப்பா நல்லசிவம் வந்திருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் அவர் பெயர்தான் எழுதியிருக்கிறது. பரிமளம் அம்மா தன் நாற்காலியையே அவருக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க டீச்சர். ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க. நல்லா சொல்லித் தர்றீங்கன்னு எம்பட புள்ள சொல்லுது. சந்தோசமுங்க. அந்தக் கேட்சர் புள்ளைகூட நல்லா ஆடுதாமுங்க. ஆடட்டும். எடம் சொல்றத மட்டும் எம்பட புள்ளைய சொல்லச் சொல்லீருங்க."

என்ன மரியாதை, என்ன மென்மை. ஒரு வார்த்தைகூட உரக்க வரவில்லை.

"ஷார்ட் ஸ்டாப்புக்குப் பின்னால நிக்கற மூணு பேரும் தெரிய மாட்டாங்க சார்" என்றேன். "கேட்சருக்கு மட்டும்தான் எல்லாரும் தெரியும்."

"விளையாட்டுதானுங்களே. கொஞ்சம் அனுசரிச்சுக்கலாம்."

"ஆட்டத்துல அனுசரிச்சா ரன் போகும்."

சிரித்தார். எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு, "யோசிச்சுச் செய்யுங்க. அந்தப் புள்ளையோட அம்மா நம்ம பட்டறைலதானுங்க இருக்குது. நல்ல வேலக்காரி" என்றார். நல்ல வேலைக்காரி என்று சொன்னவிதம் எனக்கு நன்றாகப் புரிந்தது. பரிமளம் அம்மாவுக்கும் புரிந்தது. அவர் மேசைக்கண்ணாடிக்கு அடியிலிருந்த கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார்.

நல்லசிவம் போன பிறகு பரிமளம் அம்மா ஒரு வழி சொன்னார். "சட்டைல நம்பர் இருக்குதில்ல டீச்சர். நம்பர் சொல்லிக் கூப்பிட்டுட்டாப் போச்சு. யாருக்கும் பொல்லாப்பு இல்ல."

வெடுக்கென்று பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சண்டை போடுவது நான், வேலை போகப்போவது மாராயிக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நிரோஷாவைத் தனியாகக் கூப்பிட்டு நம்பர் யோசனையைச் சொன்னேன். சம்யுக்தாவின் சட்டை எண் ஆறு. "ஆறு, மூணுக்கு வா" என்றால் போதும்.

அவள் காலில் கட்டியிருந்த தடுப்பு அட்டையின் பட்டையை அவிழ்த்து, மறுபடி கட்டினாள். "மத்தவியளுக்கு எல்லாம் பேரு, அவளுக்கு மட்டும் நம்பரா மிஸ்? அதுவும் பாப்பான்னு சொல்ற மாதிரித்தானுங்க. நான் கூப்பிட்டாப் பேர் சொல்லித்தான் கூப்புடுவேன். இல்லாட்டி கூப்புட மாட்டேன்."

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிற எனக்கு அந்த நம்பர் நல்ல வழியாகத் தெரிந்தது. பதினாறு வயதுப் பெண் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். போகட்டும். எனக்குச் சந்தோஷம்தான். கேட்சரை மாற்றப்போவதில்லை. இடம் சொல்கிறவளையும் மாற்றப்போவதில்லை. தோற்றால் தோற்கிறோம்.

ஆகஸ்ட் 16, சனி

மழை. வராண்டாவில் சாக்பீஸால் களம் வரைந்து, கடலை மிட்டாய்களை ஆட்களாக வைத்து இடம் மாற்றிக் காட்டினேன். கடைசியில் இரண்டாம் பேஸ் ஆளைக் காணோம். குழலியின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

வருவாய் மாவட்டப் போட்டி. இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம்.

எதிரணி ஒரு தனியார் பள்ளி. அவர்களுடைய பயிற்சியாளர் கெட்டிக்காரர். இரண்டாவது இன்னிங்ஸிலேயே எங்கள் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாம் பேஸில் ஆள் வந்தவுடன் பன்ட். குழலி எடுப்பாள், மூன்றில் ஆள் இருக்காது. அப்படியே இரண்டு ரன் போனது. நல்லசிவம் முன்வரிசையில், பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மகள் அடித்தபோது எழுந்து நின்று கைதட்டினார். நன்றாகத்தான் அடித்தாள். அவள் அடியில்தான் நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம்.

கடைசி இன்னிங்ஸ். ஒருத்தி அவுட். இரண்டாம் பேஸில் அவர்களுடைய வேகமான பெண். மட்டைக்கு வந்தவள் அன்று முழுக்கப் பன்ட் மட்டுமே ஆடியவள். மைதானத்தில் இருந்த ஐஸ்காரருக்குக்கூட என்ன வரப்போகிறது என்று தெரியும். குழலி தானாகவே முன்னால் வந்துவிட்டாள். மூன்றாம் பேஸ் வெறும் மூட்டையாகக் கிடந்தது. சம்யுக்தா வழக்கம்போல இரண்டை ஒட்டி நின்றாள்.

நான் கோட்டுக்கு வெளியே இருந்தே கத்தியிருக்கலாம். வாய்வரை வந்தது. கத்தவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நிரோஷா எழுந்து நடுவரிடம் டைம் கேட்டாள். முகமூடியைக் கழற்றித் தலைமேல் ஏற்றிக்கொண்டாள்.

"சம்யுக்தா."

மைதானம் முழுக்கக் கேட்டது. பந்தலுக்குக் கீழேயும் கேட்டது.

"சம்யுக்தா, மூணு பக்கம் ரெண்டு எட்டு வா."

சம்யுக்தா பந்தல் பக்கம் திரும்பவில்லை. மூன்று எட்டு வந்தாள்.

"ரெண்டுதான் சொன்னேன்."

ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

பன்ட் விழுந்தது. குழலி பாய்ந்து எடுத்து, பார்க்காமலேயே மூன்றுக்கு எறிந்தாள். அங்கே சம்யுக்தா கையுறையுடன் காத்திருந்தாள். ஓடி வந்தவளின் காலில் கையுறையை வைத்தாள். நடுவரின் கை மேலே போனது. அடுத்தவள் மூன்று பந்தையும் தவறவிட்டாள்; அது மூன்றாவது அவுட், ஜெயித்துவிட்டோம்.

பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கத்தினார்கள். நான் தண்ணீர்க் கேன்களை எண்ணுவதுபோல் குனிந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நன்றாக அழுதேன்.

நிமிர்ந்து பார்த்தபோது முன்வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை வழிபாட்டில் கோப்பையை வைத்துக் கைதட்டினார்கள். அடுத்தது மாநிலப் போட்டி. மாலையில் தலைமையாசிரியை அறைக்கு வரச் சொன்னார்கள். போனேன். அதே நாற்காலியில் நல்லசிவம்.

"செயிச்சதுக்கு வாழ்த்துங்க டீச்சர்" என்றார். பிறகு, "டீச்சருக்குச் சிவகங்கைப் பக்கம்னு சொன்னாங்க. ஊருக்குள்ள எந்தத் தெருவுங்க?"

"ஊருக்குள்ள இல்ல சார்" என்றேன். "ஊருக்கு வெளிய. உங்க ஊர்ல காலனின்னு சொல்றீங்கள்ல, எங்க ஊர்லயும் அதே பேருதான். வேற என்ன தெரியணும்?"

பரிமளம் அம்மா கால அட்டவணையைப் படிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லசிவம், "தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேனுங்க, அவ்வளவுதான்" என்று எழுந்தார். அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது முன்பே தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இருட்டும் நேரத்தில் ரெஜினா போனில் சொன்னாள். மாராயியை இனிமேல் பட்டறைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பயிற்சிக்கு நிரோஷா வரவில்லை. சம்யுக்தாவும் வரவில்லை.

வீட்டுக்காரம்மாவின் மகன் குடும்பத்தோடு வருகிறாராம், வீடு வேண்டுமாம். அந்த மகனுக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு மாடி வீடு இருக்கிறது. சரி என்றேன். வேறு வீடு பார்க்க வேண்டும். மாறுதல் கேட்கப்போவதில்லை.

சோறு குழைந்துவிட்டது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று மாராயி வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. புது வேலை தேடிப் போயிருக்கிறாள் என்றார்கள். என்ன சொல்வதற்காகப் போனேன் என்று திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். மன்னிப்புக் கேட்கவா? எதற்கு? அந்தப் பெண் செய்தது சரி. ஆனால் அடி விழுந்தது எனக்கு இல்லை, அவர்களுக்கு.

இன்று மாலை நிரோஷா வந்தாள். காலில் தடுப்பு அட்டையைக் கட்டிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் டவுன் பஸ்ஸிலிருந்து சம்யுக்தா இறங்கி வந்தாள். எப்போதும் அப்பாவின் காரில் வருகிறவள். "வரக் கூடாதுன்னு சொன்னாங்க மிஸ்" என்றாள். கையுறையை மாட்டிக்கொண்டு களத்துக்கு ஓடினாள்.

பயிற்சி தொடங்கியது. இரண்டாம் பேஸில் ஓடுகிறவளாக ஒரு சின்னப் பெண்ணை நிறுத்தினேன். குழலி முன்னால் வந்தாள். மட்டையோடு நான் நின்றேன். எனக்குப் பின்னால் நிரோஷா யாரையுமே கூப்பிடவில்லை, குழலியைக்கூட. முகமூடிக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சம்யுக்தா நின்ற இடத்தைப் பார்த்தேன். இரண்டாம் பேஸின் மேலேயே ஏறி நின்றிருந்தாள். முதல் நாள் சேர்ந்த பிள்ளைகூட அங்கே நிற்காது. வேண்டுமென்றே நிற்கிறாள் என்று புரிய எனக்கே சற்று நேரம் ஆனது. கேட்சரைப் பார்த்துக்கொண்டு, கையுறையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

"ஏம்புள்ள."

திரும்பினேன். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், கையில் தூக்குப்போணியோடு நின்றிருந்தாள். தலைமுடியில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. பக்கத்து ஊர் மில்லில் சேர்ந்துவிட்டாள் போல. நிரோஷாவின் அதே சின்ன முகம். மாராயி.

"ஏம்புள்ள, நானும் அப்பலயிருந்து பாக்கறேன். அந்தப் புள்ள தப்பா நிக்குதுன்னு எனக்கே தெரியுது. உனக்குத் தெரியலையா?"

நிரோஷா தலையைக் குனிந்துகொண்டாள். "வேண்டாம்மா."

"என்ன வேண்டாம்? இருந்த வேல போயிருச்சு. இன்னும் என்ன போகோணும்? அன்னைக்கு ஊரு பூராம் கேக்கற மாதிரி கூப்புட்டயாமா, நான் ஒருத்திதான் கேக்கல. கூப்புடு, கேக்கறேன்."

நான் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு காத்திருந்தேன். நிரோஷா எழுந்தாள். முகமூடியை மேலே ஏற்றினாள். குரல் பாதியில் உடைந்தது.

"சம்யுக்தா. மூணு பக்கம் வா."

சம்யுக்தா நகரவில்லை. கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, "கேக்கல" என்றாள்.

நிரோஷா மூச்சை இழுத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை அது கண்டக்டர் தொண்டை. பள்ளிக்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சம்யுக்தா ஓடி வந்து தன் இடத்தில் குனிந்து நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாராயி தூக்குப்போணியைக் கீழே வைத்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆட்டம் பார்க்கத் தயாரானாள்.

காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. தறிப்பட்டறை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.